காற்று நின்ற வேளை

முதற் பரிசு 10,000 டாலர். அந்தப் பணத்தை ஒரு மரக்கட்டையில் ஆணி அடித்துக் கொடுப்பார்கள். இரண்டாம் பரிசு, மாமிசம் அறுக்கும் கத்திகள் ஒரு பெட்டி. மூன்றாவதாக வருகிறவனுக்கு ஒன்றுமில்லை. இத்தகைய விசித்திரமான பரிசுகளைக் காட்டி, வட பசிபிக் கரையோரத்துக் குளிர்ந்த நீரில், இயந்திரமில்லாத படகில், 750 மைல் போகச் சொன்னால் போவதற்கு ஆட்கள் கிடைப்பார்களா என்று நேயர்கள் கேட்கலாம். கிடைத்தார்கள், பல வருஷங்களில் வந்தார்கள். அவர்கள் சென்ற விதத்தில் நமது தேசத் தொண்டர்கள் கவனிக்கத்தக்க விஷயமொன்று இருப்பதனாலேயே இப்பந்தயத்தைப்பற்றி இன்று எழுத முன்வந்தோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாஷிங்டன் மாகாணத்தைச் சேர்ந்த போர்ட் டவுன்ஸெண்ட் என்னும் சிறு துறைமுகத்தில், 2015ஆம் வருஷம் இந்த அலாஸ்காப் பந்தயம் ஆரம்பமாயிற்று. அவ்வூரிலுள்ள வடமேற்குக் கடல்சார் நிலையத்தார் இதை ஏற்படுத்தினர். முதற் கட்டம், ஜுவான் டி பூகா ஜலசந்தியைக் குறுக்கே கடந்து, 40 மைல் தூரத்திலுள்ள கானடாவின் விக்டோரியா நகரத்தைச் சேர்வது. இது வெறும் பரீட்சைதான். இதில் தேறியவர்கள் அங்கிருந்து வடக்கே திரும்பி, அலாஸ்காவிலுள்ள கெட்சிகன் துறைமுகம் வரையில் 710 மைல் செல்லவேண்டும். விதிகள் சிலவே. படகில் இயந்திரம் கூடாது. எல்லோருக்கும் பொதுவில் கிடைப்பதைத் தவிர, தனக்கென்று முன்கூட்டி ஏற்பாடு செய்துகொண்ட உதவி எதுவும் கூடாது. மற்றபடி எந்தப் படகில் வேண்டுமானாலும் வரலாம். பாய் விரிக்கலாம், தண்டு வலிக்கலாம், காலால் மிதிக்கலாம். 2017ஆம் வருஷத்தில் ஒருவர் ஒரு பலகையின்மேல் நின்றபடியே துடுப்புப் போட்டுக் கெட்சிகன் போய்ச் சேர்ந்தார் என்றால், இதற்கு வந்தவர்களின் மனவுறுதியை ஊகித்துக்கொள்ளலாம்.

நாம் சொல்ல எடுத்துக்கொண்டது 2018ஆம் வருஷத்துப் பந்தயத்தை. அவ்வருஷம் ஜூன் 17ஆம் தேதி நடுப்பகலில் விக்டோரியாவை விட்ட படகுகளுள், ஜூன் 24ஆம் தேதி நள்ளிரவு கழிந்து சற்று நேரத்திற்கெல்லாம் முதலாவதாகக் கெட்சிகனை அடைந்தது, ‘ஸெயில் லைக் எ கர்ல்’ என்ற கோஷ்டியின் படகு. ‘பெண்ணைப்போலப் பாயோட்டு’ என்பது அப்பெயரின் பொருள். கோஷ்டியினர் அனைவரும் ஸ்திரீகள். பிரயாண காலம் 6 நாள், 13 மணி, 17 நிமிஷம். ஸ்திரீகள் மட்டுமே அடங்கிய கோஷ்டி இப்பந்தயத்தில் வென்றது அதுவே முதல் தடவை. அதற்கு முன் நடந்த மூன்று பந்தயங்களிலும், இரட்டை உடலோ மூன்று உடலோ கொண்ட, நீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கும் படகுகளே முதலில் வந்தன. ஒற்றை உடற் படகு ஒன்று வென்றதும் அப்பொழுதுதான்.

அந்தப் படகு எத்தகையது என்பதை நேயர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். ‘மெல்ஜஸ் 32’ என்பது அதன் இனம். நீளம் 32 அடி. எடை சுமார் 1,700 கிலோ, அதாவது ஒரு மோட்டார் காரின் எடையைவிட அதிகமில்லை. கரைக்கு அருகே மிதவைகளைச் சுற்றிச் சில மணி நேரம் ஓடிவிட்டு, மாலையில் வீடு திரும்புவோருக்காகச் செய்யப்பட்ட பந்தயப் படகு அது. அதில் வசதியென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. உள்ளறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. காற்றுப் பின்புறமிருந்து வீசும்பொழுது, அணியத்தில் பெரிய பாயொன்று பலூனைப்போல் உப்பி நிற்க, படகு அலையின் முதுகில் ஏறிச் சறுக்கிக்கொண்டு போகும். அவ்வேளையில் அதற்கு இணையான உல்லாசம் வேறில்லை. அந்த உல்லாசத்துக்கென்று செய்த படகில், இரவும் பகலும் ஒரு வாரம் கழிக்கவேண்டியிருந்தது.

பெரிய கப்பலில் பிரயாணி என்று ஒருவன் உண்டு; மாலுமி என்று ஒருவன் உண்டு. இத்தகைய சிறு படகில் பிரயாணி என்பவனே கிடையாது. காற்றுப் பக்கவாட்டில் தாக்கும்பொழுது படகு ஒருபுறம் சாயும். சாய்ந்த படகு வேகம் இழக்கும். அதை நிமிர்த்துவதற்கு, ஏறிய பக்கத்து விளிம்பில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து, கால்களை வெளியே தொங்கவிட்டு, உடம்பைக் கடலின்மேல் சாய்த்துக்கொள்ளவேண்டும். அங்கே அவர்களுடைய உடம்பே படகுக்குப் பாரம். அந்தப் பாரமே படகுக்குப் பலம். படகு திசை மாறும்பொழுது, ஒருவர் சுக்கானைத் திருப்ப, ஒருவர் பாய்க்கயிற்றை விட, ஒருவர் மறுபுறக் கயிற்றை இழுக்க, மற்றவர்கள் குனிந்து மறுபக்கத்து விளிம்புக்கு ஓடவேண்டும். ஒருவர் இரண்டு விநாடி தாமதித்தால் படகு நின்றுவிடும். கும்மிருட்டில், குளிர்ந்த அலை முகத்தில் அறைய, கை விரல்கள் மரத்துப்போன நிலையிலும் இவையெல்லாம் நடந்தாகவேண்டும். முறைவைத்துச் சிலர் விழித்திருக்க, மற்றவர்கள் ஈரப் பாய்மூட்டைகளின் நடுவே உடம்பைச் சுருட்டிக்கொண்டு உறங்கவேண்டும், அழைத்தவுடன் எழுந்துவரவேண்டும்.

வழியோ சாமானியமானதன்று. வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செல்லும் அந்த நீர்ப்பாதை, பல இடங்களில் மலைகளுக்கு நடுவே ஆறு போலக் குறுகிவிடுகிறது. வெட்டுமரங்கள் மிதந்து வருகின்றன. பாதி நீரில் அமிழ்ந்து கிடக்கும் ஒரு மரம் இரவில் படகின் வயிற்றைக் கிழித்துவிடக்கூடும். எல்லாவற்றிலும் பயங்கரமானது ஸீமோர் இடுக்கு. ஏற்றவற்றத்தினால் அங்கே நீர் மணிக்கு 15 கடல் மைல் வேகம் வரையில் பாய்கிறது. அதன் நடுவே ஒளிந்திருந்த ‘ரிப்பிள் ராக்’ என்னும் பாறை, நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும் படகுகளுக்கும் நாசம் விளைவித்தது. நூற்றுக்கு மேற்பட்ட மனிதரைப் பலிகொண்டது. கானடா சர்க்கார் பாறையின் அடியில் சுரங்கம் தோண்டி, 1,000 டன்னுக்கு மேற்பட்ட வெடிமருந்தை வைத்து, 1958ஆம் வருஷம் ஏப்ரல் 5ஆம் தேதி அதன் உச்சியைத் தகர்த்தெறிந்தனர். பாறை போயிற்று, நீரோட்டம் போகவில்லை. இயந்திரமில்லாத படகு அதை எதிர்த்துச் செல்ல இயலாது. நீர் தணியும் வேளையைக் கணித்துக் காத்திருந்தே நுழையவேண்டும். 2018ஆம் வருஷத்து விதிப்படி, ஒவ்வொரு படகும் அந்த இடுக்கின் வழியாகவே போகவேண்டியிருந்தது. அதைத் தாண்டினால் ஜான்ஸ்டன் ஜலசந்தி. அங்கே கோடைகாலத்தில் வடமேற்குக் காற்று, வடக்கே போகிறவனின் முகத்துக்கு நேராக வீசும். நீர் அவனோடு வடக்கே ஓடும் சமயத்தில், காற்றும் நீரும் மோதி அலைகள் சுவர்போல் எழும்பும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது என்றால் நேயர்கள் நம்பமாட்டார்கள். அதுதான் காற்றே இல்லாத நேரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 710 மைலை 157 மணி நேரத்தில் கடந்தார்கள் என்றால், மணிக்குச் சராசரி நாலரை மைல்தான் ஆகிறது. வேகமாக நடக்கும் ஒரு மனிதனின் நடை. 2016ஆம் வருஷத்தில் வென்ற படகு இதே தூரத்தை 3 நாள், 20 மணி, 13 நிமிஷத்தில் கடந்தது. 2015லும் 2017லும் வென்றவர்களும் 2018இல் வென்றவர்களைவிடக் குறைந்த காலத்திலேயே போய்ச் சேர்ந்தனர். ஆகவே 2018ஆம் வருஷத்து வெற்றி, பறந்து பெற்ற வெற்றியன்று. பாய் துணிபோலத் தொங்க, கடல் கண்ணாடிபோலக் கிடக்க, அவர்கள் படகின் அமரத்தில் பூட்டியிருந்த மிதிசக்கரத்தில் ஏறி உட்கார்ந்து, முறைவைத்து மிதித்தார்கள். சங்கிலி சுழல, நீருக்குள் ஒரு சிறு விசிறி சுழல, படகு அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அதனால் கிடைக்கும் வேகம் சொற்பம். ஆனால் சும்மா மிதக்கும் படகு நீரோட்டத்தினால் பின்னுக்குப் போகிறது. மிதிக்கும் படகோ, சிறிதாயினும் முன்னுக்குப் போகிறது. நாலு மணி நேரத்துக்குப் பிறகு, இரண்டுக்கும் இடையே பல மைல் வித்தியாசம் ஏற்பட்டுவிடுகிறது.

நமது தொண்டர்கள் சிந்திக்கவேண்டிய இடம் இதுவேயாகும். எந்த இயக்கத்திலும் காற்று வீசும் காலம் ஒன்று உண்டு. அப்பொழுது ஜனங்கள் திரள்திரளாக வருகிறார்கள், மாலைகள் விழுகின்றன, பேசத் தெரியாதவனும் பேசுகிறான். படகு பறக்கிறது, பறப்பது தன் சாமர்த்தியத்தினால் என்று ஒவ்வொருவனும் நினைக்கிறான். பிறகு காற்று நின்றுவிடுகிறது. ஊர்வலம் முடிந்த மறுநாள் கணக்கெழுத ஒருவர் வேண்டும். சந்தா வசூலிக்க வெயிலில் அலைய ஒருவர் வேண்டும். பத்துப் பேர்கூட வராத கூட்டத்துக்கு விளக்கேற்றிவைத்து உட்கார்ந்திருக்க ஒருவர் வேண்டும். அந்தக் காலத்திலேதான் எத்தனையோ சங்கங்கள் நீரோட்டத்தில் பின்னுக்குப் போய் மறைந்தன. புயலினால் கவிழ்ந்த சங்கங்கள் சில. காற்றில்லாமல் கலைந்த சங்கங்களே பல.

மற்றொன்றும் சொல்லவேண்டும். சிறு படகில் தலைவர் ஒருவர் இருந்தாகவேண்டும். அவர் சொல்லுக்கு உடனே கீழ்ப்படியவேண்டும். விவாதத்துக்கு அங்கே நேரமில்லை. ஆனால் அந்தக் கீழ்ப்படிதல் அடிமைத்தனமன்று. கட்டளையிட்டவரே அடுத்த முறையில் மிதிசக்கரத்தில் ஏறுகிறார். அவரும் அதே ஈரத்தில் உறங்குகிறார். அதே வெந்நீரில் ஊறிய உலர்ந்த உணவை உண்கிறார். தலைவருக்கென்று தனி அறை கட்டுவதற்குப் படகில் இடமில்லை. சுகத்தைப் பங்கிட்டுக்கொள்வதில் வேற்றுமை பாராட்டும் தலைவர், கஷ்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்படி பிறரைக் கேட்க இயலாது.

இவையெல்லாம் பணமும் ஓய்வும் உள்ளவர்களின் விளையாட்டு. பசித்தவர் நிறைந்த தேசத்தில் இதைப்பற்றி எழுதுவானேன் என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். அந்த ஆக்ஷேபத்தில் நியாயம் இல்லாமலில்லை. பந்தயப் படகு ஏழை வாங்கும் பொருளன்று. ஆயினும் அவர்களுடைய பணத்தைக் கண்டு பொறாமைப்படுவதால் நமக்கு ஒரு காசும் வரப்போவதில்லை. அவர்களுடைய பழக்கத்தைக் கற்றுக்கொள்வதற்கோ ஒரு காசும் வேண்டியதில்லை. பணத்தினால் படகை வாங்கலாம். ஆறாவது நாள் இரவில், காற்றில்லாத கடலில், தன் முறை வந்ததும் முணுமுணுக்காமல் எழுந்துவரும் மனத்தை வாங்க முடியாது.

அதே 2018ஆம் வருஷத்தில் நமது தேசத்து ஸ்திரீகளும் கடலில் தங்கள் திறமையை நிலைநாட்டினர் என்பதை இங்கே நினைவூட்டுவது கடமை. நமது கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள், லெப்டினெண்ட் கமாண்டர் வர்த்திகா ஜோஷியின் தலைமையில், கோவாவில் கட்டப்பட்ட ‘தாரிணி’ என்ற பாய்க்கப்பலில், 2017ஆம் வருஷம் செப்டம்பர் 10ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, பூமியைச் சுற்றிவந்து, 2018ஆம் வருஷம் மே 21ஆம் தேதி அங்கேயே திரும்பி வந்தனர். அலாஸ்காப் பந்தயம் அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் ஆரம்பமாயிற்று. பெண்கள் என்பதற்காக இவ்விரு கோஷ்டியாரையும் புகழ்வது அவர்களுக்கு மரியாதையாகாது. எடுத்த காரியத்தைக் கடைசி மைல் வரையில் கொண்டுபோய் முடித்தார்கள் என்பதற்காகவே நாம் புகழ்கிறோம். பெண்களால் ஆகுமா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு, இவ்வளவு நடந்த பிறகும் தனியே பதில் சொல்வது அநாவசியம்.

கெட்சிகன் துறையில் ஒரு மணி இருக்கிறது. வந்து சேர்ந்தவர்கள் கரையேறி அதை அடிப்பது வழக்கம். முதலில் வந்தவரும் அடிக்கலாம், பல நாட்கள் கழித்துக் கடைசியில் வந்தவரும் அடிக்கலாம், சத்தம் ஒன்றுதான். நடுவழியில் விட்டவர்களுக்கு மட்டும் அந்த மணி இல்லை. நமது சங்கங்களில் இன்று பலத்த காற்று வீசவில்லை என்று வருந்தும் நண்பர்கள் பலர் நமக்கு எழுதுகிறார்கள். வருத்தம் நியாயமானதே. ஆனால் காற்று வரும் வரையில் கையைக் கட்டிக்கொண்டிருப்பவன் வந்த காற்றையும் பயன்படுத்த மாட்டான். ஒவ்வொரு ஊரிலும் நாலு பேர் முறைவைத்து வேலை செய்தால் போதும். படகு நகரும்.