பிறர் மனம் அறியும் பருவம்

வெள்ளவத்தையிலே, கடலோரப் புகையிரதப் பாதையை அடுத்த மாடிவீடு ஒன்றில், அம்மம்மாவின் அலுமாரியில் ஒரு பிஸ்கற்றுப் பேணி இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். மூன்று வயதுப் பேரன் ஆவலோடு அதன் மூடியைத் திறக்கிறான். உள்ளே ஊசியும் நூலும் பொத்தான்களுமே கிடக்கின்றன. கொழும்பில் இவ்வேமாற்றத்தை அறியாது வளர்ந்தோர் சிலரே.

மூடியை மீண்டும் இறுக்கிவிட்டு, பள்ளிக்கூடத்தால் வரும் அக்கா இதைக் கண்டால் உள்ளே என்ன இருக்குமென்று நினைப்பாள் என அம்மம்மா வினவுகிறார். “நூல்” என்கிறான் பேரன், சற்றும் தயங்காமல். திறக்குமுன் நீ என்ன நினைத்தாய் என்றாலும் விடை “நூல்” என்பதே. பொய் சொல்கிறான் என எண்ணிவிடலாகாது. உலகில் உள்ளது ஒன்று, அதைப்பற்றி ஒருவர் மனத்தில் உள்ளது வேறொன்றாக இருக்கக்கூடும் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. தான் அறிந்ததை எல்லாரும் அறிவர். தானும் முன்பே அறிந்திருந்தான்! கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலே ஒளித்துப் பிடித்து விளையாடும்போது, அண்ணன் ஒளித்த இடத்தைச் சின்னவன் கைநீட்டிக் காட்டிக் கொடுப்பதும் பெரும்பாலும் இதனாலேயே. அதற்காக அவன் வாங்கும் குட்டு அநியாயமானது.

இதனை முறையாகச் சோதித்தவர்கள் ஹைன்ஸ் விம்மர், ஜோசெப் பேர்ணர் என்னும் ஒஸ்திரிய அறிஞர் இருவர். 1983இல் வெளிவந்த அவர்களது ஆய்விலே, மாக்சி என்னும் சிறுவன் சொக்கலேற்றை ஓர் அலுமாரியில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாதபோது தாய் அதை வேறோர் அலுமாரிக்கு மாற்றுகிறாள். திரும்பிவரும் மாக்சி எங்கே தேடுவான்? மூன்று முதல் நான்கு வயதுவரையான குழந்தைகளுள் ஒருவரேனும் முற்றும் சரியாகக் கூறவில்லை. நான்கு முதல் ஆறு வயதினருள் நூற்றுக்கு 57 பேரும், அதற்கு மேல் ஒன்பது வயதுவரை 86 பேரும் சரியாகக் காட்டினர்.

இது ஐரோப்பியக் குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. இந்தியா, கனடா, பெரு, சமோவா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் நடந்து 2005இல் வெளியான ஆய்விலும், மூன்று வயதில் தவறிய குழந்தைகளே மிகுதி, ஐந்து வயதில் தேறியோரே மிகுதி. பதினைந்து மாதக் குழந்தையின் பார்வையிலேயே இவ்வறிவின் சாயல் தெரிகிறதென அதே ஆண்டு வேறு சிலர் கூறினர்; அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

வயது ஏறுவதனால் மட்டும் இவ்வறிவு வந்துவிடுவதில்லை. உடன்பிறந்தாருள்ள குழந்தைகள் இதிலே முந்துவதைப் பேர்ணர் குழுவினர் 1994இல் கண்டனர். சண்டையும் சமாதானமும் நிறைந்த வீடு ஒருவகைப் பள்ளிக்கூடமே. மொழியின் பங்கோ அதனினும் பெரிது. “பேணிக்குள் பிஸ்கற்று இருக்கிறது” என்பது பொய். “பேணிக்குள் பிஸ்கற்று இருக்கிறது என்று அக்கா நினைக்கிறாள்” என்பது மெய். தமிழிலே ‘என்று’ என்னும் ஒரு சிறு சொல், பொய்யை மெய்க்குள் பொதிந்து தந்துவிடுகிறது. இத்தகைய வாக்கியங்களை நாள்தோறும் கேட்கும் குழந்தைக்குப் பிறர் மனம் மெல்லமெல்லத் திறக்கிறது.

கேளாத குழந்தையின் நிலை யாது? காலி வீதி வழியே வெள்ளவத்தைக்குத் தெற்கே சென்றால் வரும் இரத்மலானையில், செவிப்புலனற்றோர்க்கும் விழிப்புலனற்றோர்க்குமாக 1912இல் ஒரு பாடசாலை தோன்றிற்று. அத்தகைய பாடசாலைகளை நாடும் கேளாத பிள்ளைகளுட் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அவுஸ்திரேலியாவில் பீற்றர்சன், சீகல் என்போர் 1995இல் வெளியிட்ட ஆய்வின்படி, அத்தகைய பிள்ளைகள் எட்டு வயதைத் தாண்டியும் மாக்சி போன்ற கதைகளில் தடுமாறினர். ஆனால், பெற்றோரும் கேளாதோராய்ப் பிறந்தது முதலே சைகைமொழியில் வளர்ந்த பிள்ளைகள், கேட்கும் பிள்ளைகளோடு ஒத்த வயதிலேயே தேறுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. குறை செவியிலும் அன்று, அறிவிலும் அன்று. சோறு, தண்ணீர், வா, போ என்பவற்றுக்குக் கையசைவு போதும். அக்கா பிழையாக நினைத்துவிட்டாள் என்பதை அப்பிள்ளைக்குச் சொல்லவோ, வீட்டில் ஒருவருக்கேனும் சைகைமொழி முழுமையாகத் தெரிந்திருக்கவேண்டும்.