ஹை-ஹாட் மட்டும் ஏன் பொம்மை மாதிரி ஒலிக்குது?

லேப்டாப்பில் லினக்ஸ், அதில் ஹைட்ரஜன் டிரம் சாஃப்ட்வேர். பைசா செலவில்லாமல் டிரம் டிராக் ரெடி. கிக் ஓகே, ஸ்னேரும் ஓகே. ஆனால் ஹை-ஹாட் வந்ததுமே 'இது கம்ப்யூட்டர்தான்'னு காது கண்டுபிடிச்சுடும். ஏன்?

ஹை-ஹாட் என்பது எதிரெதிராக வைத்த இரண்டு உலோகத் தட்டுகள். காலால் மிதியை அழுத்தினால் மூடும், விட்டால் திறக்கும். மூடியிருக்கும்போது குச்சியால் தட்டினால் 'டிக்'. திறந்திருந்தால் 'ட்ஸ்ஸ்ஸ்'. நடுவே எத்தனையோ நிலைகள்.

சாம்ப்ளருக்கு இதெல்லாம் தெரியாது. ஜெனரல் மிடி கணக்கில் 42 மூடிய ஹாட், 44 மிதியால் மூடும் சத்தம், 46 திறந்த ஹாட். அதைப் பொறுத்தவரை மூன்றும் மூன்று தனிக் கருவிகள். அதனால் 'ட்ஸ்ஸ்ஸ்' ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே 'டிக்' வந்து விழும். ஒரே ஜோடித் தட்டு ஒரே நேரத்தில் திறந்தும் மூடியும் இருக்குமா என்ன?

முதல் மருந்து, மியூட் குரூப். ஹைட்ரஜனில் மூன்றுக்கும் ஒரே குரூப் எண் கொடுத்துவிட்டால், 'டிக்' விழுந்ததும் 'ட்ஸ்ஸ்ஸ்' அடங்கும். எஸ்எஃப்இசட் வகை ஃபைல்களில் இதே வேலையை 'ஆஃப்_பை' என்ற கட்டளை செய்கிறது. ஒரு சின்ன எச்சரிக்கை: அதன் வழக்கமான அமைப்பு, சத்தத்தைப் படக்கென்று வெட்டிவிடும். அதுவும் செயற்கைதான். 'ஆஃப்_மோட்' என்பதை 'நார்மல்' ஆக்கி, ரிலீஸ் நேரத்தைக் கொஞ்சமாக வைத்தால் தட்டுகள் உரசி அடங்குவது போலவே கேட்கும்.

எலக்ட்ரானிக் டிரம் கிட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதைக் கிட் 0 முதல் 127 வரையிலான எண்ணாக, பெரும்பாலும் மிடி கன்ட்ரோலர் 4 வழியாக அனுப்பும். எந்த எண்ணுக்கு எந்த சாம்பிள் என்று ஹைட்ரஜனிலும் எஸ்எஃப்இசட்டிலும் பிரித்து வைக்கலாம். பாதி திறந்த ஹாட் பாதியாகவே ஒலிக்கும்.

ஒரு குறை இருக்கிறது. சாம்பிள் தேர்வாவது குச்சி பட்ட கணத்தில். பிறகு மிதியை மெல்ல மூடினாலும் அதே சாம்பிள்தான் ஓடும். 44 வந்தால்தான் நிற்கும். நிஜத் தட்டு அப்படியா அடங்கும்?

மவுஸால் நோட் வைப்பவர்கள் செய்யும் தப்பு வேறு: எல்லா அடிக்கும் ஒரே வேகம். டிரம்மர் கை ஒன்று பலமாக, ஒன்று மெதுவாகத்தான் விழும். வெலாசிட்டியை ஒன்றுவிட்டு ஒன்று குறைத்து, ஒரே அடிக்கு மூன்று நான்கு சாம்பிள்களை மாற்றி மாற்றி ஓடவிட்டால், அந்த மெஷின் கன் சத்தம் போய்விடும்.