பத்து ரூபாயும் பழைய சேலையும்!

பாஞ்சாலங்குறிச்சி! பெயரைச் சொன்னதும் கோட்டை தெரிகிறது, கொத்தளம் தெரிகிறது, கப்பம் கேட்டவனுக்குப் பணிய மறுத்த கட்டபொம்மன் தெரிகிறான். 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் அவனைத் தூக்கிலிட்டனர். 1801-ல் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து மீண்டு வந்து, தரைமட்டமாக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களிலேயே மண்ணால் எழுப்பிக் காட்டினான். அந்த ஆண்டு மே மாதத்தில் கோட்டை மீண்டும் வீழ்ந்தது. வீழ்ந்த வீரத்தை நாடு மறந்துவிடவில்லை. 1974-ல் அங்கே நினைவுக் கோட்டை எழுந்தது. செய்ய வேண்டியதைத்தான் செய்தோம்.

ஆனால் அந்தப் போரிலே வாளேந்தாத வீரம் ஒன்றும் உண்டு. கோட்டை வீழ்ந்த பிறகு, பக்கத்துச் சிற்றூர்ப் பெண்கள் தம் மக்களைத் தேடிப் பிணக் குவியலுக்குள் நடந்தார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டாள். உயிர் ஊசலாடிக் கொண்டிருந்தது. தூக்கப் போனாள். “என்னை விடு, அருகிலே கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்று” என்றான் மகன். அவள் ஊமைத்துரையைச் சுமந்து சென்றாள். தேடி வந்த சிப்பாய்கள் வாசலை நெருங்கியபோது, வெள்ளைத் துணியால் உடலை மூடி, “வைசூரியில் மாண்டான் என் மகன்” என்று ஒப்பாரி வைத்தாள். சிப்பாய்கள் ஓடினார்கள். இதை எழுதி வைத்தவர், வெள்ளையர் படையிலே பணியாற்றிய வெல்ஷ் என்ற அதிகாரியேதான்! அந்தத் தாயின் பெயர் மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை.

பெண்ணின் வீரம் பெரும்பாலும் இப்படித்தான் பெயரின்றிப் போகிறது. பெயர் தெரிந்த வீராங்கனையையாவது நாம் சரியாகப் போற்றுகிறோமா? அதைக் கேட்கத்தான் இக்கட்டுரை.

முத்து மட்டுமா விலைபோயிற்று?

தூத்துக்குடிக் கடற்கரையின் புகழ் முத்து. பாண்டியன் காலந்தொட்டு உலகம் வாங்கிச் சென்ற முத்து. ஆனால் இக்கரையிலே விலைபோனது முத்து மட்டுமல்ல. 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பறித்தனர். அதன்பின் அந்நூற்றாண்டில் வந்த பஞ்சங்களிலே, பசியால் துவண்டோரை அற்ப விலைக்கு வாங்கி, அடிமைகளாக்கி, கடல் கடந்து இலங்கைக்கு ஏற்றினர். பஞ்சம் வந்தால் நெல் விலை ஏறும், மனிதன் விலை இறங்கும்! அன்று தொட்டு இன்று வரை ஆள் வாணிபத்தின் கணக்கு இது ஒன்றுதான்.

கப்பல் ஏற்றும் காலம் போயிற்று. வீட்டுக்குள்ளேயே விற்கும் பழக்கம் போகவில்லை. 1901-ஆம் ஆண்டு. திருவைகுண்டத்தை அடுத்த பெருங்குளத்தில் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதற்கென ஒப்படைக்கப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி, முன்பே ஒருமுறை தப்பி, இருபது மைல் தொலைவிலுள்ள தூத்துக்குடிக்கு ஓடித் தாயைக் கட்டிக் கொண்டவள். தேடி வந்தவர்களிடம் தாயே அவளைத் திருப்பிக் கொடுத்தாள். தப்பியதற்குத் தண்டனை, பிஞ்சுக் கைகளிலே சூடு! அந்தச் சிறுமி 1901 மார்ச்சில் மீண்டும் ஓடினாள். இம்முறை ஓடியது பண்ணைவிளைக்கு. அங்கே அவளை ஏற்றுக் கொண்டவர் அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல். டோனாவூரில் எத்தனையோ குழந்தைகளுக்கு இல்லம் அமைத்து, தாய்நாடு திரும்பாமலே 1951-ல் மறைந்தவர் அவர். அந்த இல்லத்திற்கு அடித்தளம், இந்தக் கரைச் சிறுமியின் சுட்ட கைகள்தான்!

விற்கப்பட்டவளே விலங்கை உடைத்தாள்

வெளியிலிருந்து வந்து மீட்டவர் ஒருவர். உள்ளே இருந்துகொண்டே சிறையை இடித்தவர் இன்னொருவர். அவர்தான் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்.

1883-ல் பிறந்தவர். வறுமை தாளாமல் தந்தை ஊரைவிட்டுப் போனார். தாய் என்ன செய்வாள்? ஐந்து வயது மகளை ஒரு தேவதாசியிடம் ஒப்படைத்தாள். விலை என்ன தெரியுமா? பத்து ரூபாய், ஒரு பழைய சேலை! ஆடு மாட்டுக்கே சந்தையில் பேரம் உண்டு. அந்தக் குழந்தைக்குப் பேரம்கூட இல்லை.

அந்தக் குழந்தை வளர்ந்தது. ஆடலும் பாடலும் கற்றது. கிழவர் ஒருவருக்கு இணையாக்க முனைந்தபோது, மறுத்தது. தனக்கு இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையைத் துணைவராக ஏற்றது. அத்தோடு நின்றிருந்தால் அது ஒரு பெண்ணின் விடுதலை. அம்மையார் நிற்கவில்லை. மாயவரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலே தெருத்தெருவாகச் சென்று, “உங்கள் பெண்ணுக்குப் பொட்டுக்கட்டாதீர்கள், மணம் செய்து கொடுங்கள்” என்று மன்றாடினார். ஏசினார்கள். அவர் அஞ்சவில்லை. காங்கிரசிலே கதர் சுமந்து பாடுபட்டார். 1925-ல் பெரியார் வெளியேறியபோது தாமும் வெளியேறிச் சுயமரியாதை இயக்கத்திலே நின்றார். 1936-ல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை எழுதினார். உள்ளே வாழ்ந்தவர் எழுதியது. ஆகவே வலையின் ஒவ்வொரு முடிச்சும் அதிலே அவிழ்ந்தது.

1938-ல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு 42 நாள் நடந்த படையிலே, முழுவதும் நடந்த ஒரே பெண் அவர். அப்போது வயது ஐம்பத்தைந்து! அதே ஆண்டில் சிறையும் கண்டார். 1949-ல் அண்ணாவோடு நின்றார். 1962 ஜூன் 27-ல் மறைந்தார்.

மன்றத்திலே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தெருவிலே மூவலூர் அம்மையார்! 1927-ல் சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் அம்மையார் தீர்மானம் கொண்டு வந்தார். ‘கலை அழிந்துவிடும், மரபு கெட்டுவிடும்’ என்று பண்டிதர்கள் பதறினார்கள். கலை வாழப் பிறர் வீட்டுக் குழந்தை வேண்டும் என்றார்களே, தம் வீட்டுக் குழந்தையைத் தர ஒருவராவது முன்வந்தாரா? தீர்மானம் சட்டமாக இருபது ஆண்டு ஆயிற்று. 1947 அக்டோபர் 9-ல்தான் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது.

தரகன் உடை மாற்றிக் கொண்டான்!

சட்டம் வந்தது. தரகன் ஒழிந்தானா? இல்லை, உடை மாற்றிக் கொண்டான். அன்று தேவதாசி வீட்டு வாசலில் நின்றவன், பின்னாளில் ஆலைக்கு ஆள் சேர்க்கும் முகவனாகத் தென் மாவட்டச் சிற்றூர்களுக்கு வந்தான். “மூன்று ஆண்டு வேலை, விடுதி உண்டு, முடிவிலே கல்யாணத்துக்கு மொத்தப் பணம்” என்றான். ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்கலமான பெயர் வேறு! கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளுக்குப் பதின்ம வயதுப் பெண்கள் அப்படிப் போனார்கள். விடுதியை விட்டு வெளியே போகத் தடை, பெற்றோரைப் பார்க்கக் கட்டுப்பாடு, இரவுப் பணி, நோயுற்றுப் பாதியில் திரும்பினால் மொத்தப் பணம் இல்லை. இவையெல்லாம் ஆய்வுகளிலும் வழக்குகளிலும் பதிவானவை.

வறுமை பழையது, வரதட்சணை பழையது, ஆசைவார்த்தை பழையது. பத்து ரூபாய் முப்பதாயிரம் ஐம்பதாயிரமாக வளர்ந்தது, அவ்வளவுதான் வேறுபாடு! வெளிநாட்டு வீட்டு வேலை என்று அழைத்துச் சென்று கடவுச்சீட்டைப் பறித்துக் கொள்பவனும், செங்கல் சூளையிலே முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே கட்டிப் போடுபவனும் இதே தரகனின் அண்ணன் தம்பிகள்தாம்.

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு மனித வாணிபத்தையும் கட்டாய வேலையையும் தடை செய்கிறது. 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு, ஆள் கடத்தலுக்குக் குறைந்தது ஏழாண்டு, கடத்தப்பட்டது குழந்தையெனில் குறைந்தது பத்தாண்டுச் சிறை என்கிறது. ‘அவளே சம்மதித்துத்தான் வந்தாள்’ என்ற சாக்கு செல்லாது என்றும் அப்பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சட்டப் புத்தகம் பேசுகிறது. ஊர்தான் வாய் மூடியிருக்கிறது!

சிலை போதுமா?

அம்மையாரைப் போற்றுவது எப்படி? மாலை போடலாம், விழா எடுக்கலாம். வேண்டியவைதான். ஆனால் 1989-ல் அவர் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தபோது, உதவி பெற அந்தப் பெண் படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்களே, அதுதான் சரியான மாலை. கல்யாணச் செலவைக் காட்டித்தானே தரகன் வாசலுக்கு வருகிறான்! 2022-ல் அத்திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் தொடர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் என்று அந்த ஆண்டு செப்டம்பர் 5-ல் ‘புதுமைப் பெண்’ தொடங்கப்பட்டது. மணமேடைக்குத் தந்த பணம் வகுப்பறைக்குச் சென்றது. பத்து ரூபாய்க்கு விற்கப்பட்ட குழந்தையின் பெயரால் பணம் பெண்ணின் கைக்கே போய்ச் சேர்ந்தது என்றால், அதைவிடத் தக்க பதிலடி வேறென்ன?

எனினும், திட்டம் கல்லூரி வாயிலில் நிற்கும். தரகனோ தேர்வு முடிவு வரும் மே மாதத்திலேயே வீட்டு வாசலில் நிற்பான். அந்த இடைவெளியை அடைப்பது அரசின் கையில் மட்டும் இல்லை. பள்ளியிலிருந்து நின்ற பெண் எங்கே என்று ஆசிரியர் கேட்கட்டும். வேலைக்கென்று அழைத்துப் போகிறவன் யார், முகவரி என்ன என்று ஊராட்சி எழுதி வைக்கட்டும். பக்கத்து வீட்டுச் சிறுமி காணவில்லையென்றால், ‘நமக்கென்ன’ என்று கதவைச் சாத்தாமல் 1098 என்ற எண்ணைச் சுழற்றட்டும், அந்த வீட்டுக்குச் சொந்தமில்லாதவர்கள்!

ஊமைத்துரையைச் சுமந்த தாய்க்கு அவன் உறவினன் அல்லன். மூவலூர் அம்மையார் காத்த பெண்கள் அவர் பெற்றவர்கள் அல்லர். பிறர் பிள்ளைக்காகத் தெருவில் இறங்கினார்கள். நம் தெருவிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். விலை பேச ஆள் வருவதற்குள் நாம் அங்கே இருக்க வேண்டும்.