விளையாட்டுக் கணினியும் உறுப்புப் பொருத்தமும்

பொருத்தம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் தமிழ் வீடுகளில் மணவினையும் சாதகக் குறிப்பும் நினைவில் எழுதல் இயல்பு. ஆங்குப் பத்தினுள் ஒன்றிரண்டு குறையினும் பெரியோர் அமைதி கூறி மேற்செல்வர். கணினியுறுப்புக்களின் பொருத்தத்திலோ அவ்வகை இணக்கத்துக்கு இடமில்லை. ஓருறுப்பு மற்றோர் உறுப்போடு பொருந்தாதாயின் ஆளியை அழுத்தியும் திரை இருண்டே கிடக்கும். சிலவிடத்துப் புதிய உறுப்புக் கருகியும் போம். பொதி பிரித்த பொருளை மீளக் கொடுத்தல் எளிதன்று. வீட்டார் பல மாதஞ் சேர்த்த பணத்தைக் கொண்டு விளையாட்டுக் கணினியொன்றைத் தன் கையாலே இணைக்கப் புகும் மாணவன், வாங்கிய பின்னர் அறிவதனை வாங்குமுன் அறிதல் வேண்டும்.

இங்ஙனந் தனித்தனி உறுப்பெடுத்து இணைத்தல் எவ்வாறு கைகூடிற்று எனின், 1981 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட சொந்தக் கணினியே அதற்கு வித்தாயிற்று. அந்நிறுவனம் பிறர் செய்த உறுப்புக்களைப் பெரிதும் பயன்படுத்தியதோடு அமைப்பு விவரங்களையும் அச்சிட்டு வெளியிட்டமையால், அதனோடு பொருந்தும் பொருள்களைப் பிறரும் ஆக்கலாயினர். 1995 இல் இன்ரெல் நிறுவனம் ஏரிஎக்ஸ் என்னும் அளவுத்திட்டத்தை வகுத்தது. 305 மில்லிமீற்றர் நீளமும் 244 மில்லிமீற்றர் அகலமுங் கொண்ட தாய்ப்பலகை, அதன் திருகாணித் துளைகள் ஆகியன அதனால் வரையறை பெற்றன. ஒருவர் செய்த பலகை மற்றொருவர் செய்த கேசிங்கினுள் அமைவது இதனாலேயாம். ஆயின் செயலி அமருங் குதை எவ்வகைப் பொதுத்திட்டத்துள்ளும் அடங்கவில்லை. அஃது அவ்வந் நிறுவனத்தின் தனியுரிமையாகவே நின்றுவிட்டது. இடர்ப்பாடும் ஆங்கே தொடங்குகின்றது.

ஏ.எம்.டி. நிறுவனம் 2016 இல் ஏஎம்4 குதையையும், 2022 இல் ஏஎம்5 குதையையும் கொணர்ந்தது. முன்னதில் 1331 ஊசிகள் செயலியின் அடிப்புறத்தே இருந்தன. பின்னதில் 1718 தொடுமுனைகளே செயலியில் உள, ஊசிகள் பலகைக்கு மாறின. ஆதலின் கைதவறி ஊசி வளையின் முன்னர்ச் செயலி பழுதாயிற்று, இப்பொழுது பலகை பழுதாகும். இன்ரெல்லின் 12, 13, 14 ஆந் தலைமுறைச் செயலிகள் 2021 இல் வந்த எல்ஜிஏ 1700 குதைக்குரியன. 2024 இல் எல்ஜிஏ 1851 வந்தது. முனைகளின் தொகை ஒத்தாற் பொருத்தமும் ஒக்கும் எனக் கருதுதல் தவறு. 2015 இல் வந்த ஆறாந் தலைமுறையும் 2017 இல் வந்த எட்டாந் தலைமுறையும் 1151 முனைகளே உடையன. எட்டாந் தலைமுறைச் செயலி பழைய பலகையில் இடர் இன்றி அமரும், ஆயினும் தொழிற்படாது. சில முனைகளின் பணி மாற்றப்பட்டமையும், பலகையின் சிப்செற்று வேறாயிருத்தல் வேண்டுமென நிறுவனம் விதித்தமையும் அதற்குக் காரணங்கள்.

குதையுஞ் சிப்செற்றும் ஒத்தவிடத்தும் பயொஸ் எனப்படும் தொடக்க நிரல் குறுக்கே நிற்றல் உண்டு. 2018 இல் வந்த பி450 பலகை, 2020 இல் வந்த றைசன் 5000 வரிசைச் செயலியை ஏற்கும். ஆனால் புதிய பயொஸ் இட்ட பின்னரே ஏற்கும். புதிய பயொஸ் இடுதற்கோ பலகை இயங்கவேண்டும். இயங்குதற்குச் செயலி வேண்டும். செயலியின்றியே யூஎஸ்பி வழியாகப் பயொஸை மாற்றும் வசதி சில பலகைகளில் உண்டு. கடைக்காரரிடம் முதலிற் கேட்டறிய வேண்டியது இதுவே.

நினைவகத்தில் மயக்கம் எழுதற்கு இன்னொரு காரணம் உளது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் 288 முனைகள் கொண்டவை; நீளமும் ஒன்றே. இடையிலுள்ள வெட்டு மட்டும் இடம் மாறி நிற்றலால் ஒன்றன் துளையுள் மற்றது நுழையாது. வலிந்து அழுத்துவோர் பலகையை உடைப்பர். ஏஎம்5 பலகைகள் டிடிஆர்5 ஒன்றையே ஏற்கும். எல்ஜிஏ 1700 பலகைகளுள் இருவகையும் உள. எனவே செயலியின் பெயரை மட்டும் நோக்கி நினைவகம் வாங்குதல் ஆகாது, பலகையின் பெயரை முழுமையாக வாசித்தல் வேண்டும். 32 கிகாபைற்று வேண்டுவோர் 16 வீதம் இரண்டு துண்டுகள் வாங்குதல் நன்று. நான்கு துண்டுகள் இடின் டிடிஆர்5 இன் வேகம் பெரும்பாலுங் குறையும்.

இனி, கிராபிக்ஸ் காட் என வழங்கும் வரைவியல் அட்டை. விளையாட்டுக் கணினியின் விலையிற் பெரும்பங்கு இதற்கே செல்லும். இதனைத் தெரிதற்குமுன் திரையைத் தெரிதல் முறையாகவும், பலர் தலைகீழாகவே செய்கின்றனர். 1920 × 1080 அளவுத் திரையிற் படப்புள்ளிகள் 20,73,600. 3840 × 2160 அளவுத் திரையில் 82,94,400, அதாவது நான்கு மடங்கு. பெரிய திரையிற் சுமை முழுதும் அட்டைமேல் விழும். சிறிய திரையில் வினாடிக்கு 144 படம் வேண்டுவோர்க்கோ ஒவ்வொரு படத்துக்கும் ஏறக்குறைய 7 மில்லிவினாடியே கிடைப்பதால் செயலியே தடையாதல் கூடும். மலிவு நோக்கி ஏமாறுதற்கு எடுத்துக்காட்டு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்ரி என்னும் அட்டை. 2022 இல் வந்த அது பலகையோடு நான்கு தடங்களாலேயே தொடர்பு கொள்வது. நான்காந் தலைமுறைப் பலகையில் அது குறையாகத் தோன்றாது. மூன்றாந் தலைமுறைப் பலகையில் அத்தடங்களின் கொள்ளளவு பாதியாகி, அட்டையின் 4 கிகாபைற்று நினைவகமும் போதாதவழி ஆட்டம் தடுமாறும். பழைய கணினிக்கு உயிர் கொடுக்க விழைவோரே இத்தகைய அட்டையை வாங்குவோர் என்பது வருந்தத்தக்கது.

மின்வழங்கியை ஈற்றில், எஞ்சிய பணத்துக்கு வாங்கும் வழக்கம் மிகத் தீயது. ஓர் எடுத்துக்காட்டு நோக்குக. றைசன் 7 7800 எக்ஸ்3டி செயலிக்குக் குறிக்கப்பட்ட அளவு 120 வாற்று. ஆர்ரிஎக்ஸ் 4070 சூப்பர் அட்டைக்கு 220 வாற்று. ஏனையவற்றுக்கு 80 வாற்றுக் கொள்ளினும் கூட்டுத்தொகை 420 ஆகும். அவ்வாறாக, என்விடியா நிறுவனம் 650 வாற்று வழங்கியைப் பரிந்துரைப்பது ஏன்? அட்டை உண்ணும் மின் ஒரே சீராக இராது. மில்லிவினாடிப் பொழுதுக்குக் குறித்த அளவைக் கடந்து பாயும். அப்பாய்ச்சலைத் தாங்காத வழங்கி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஆட்டத்தின் நடுவே கணினி அணைதற்கு இதுவும் ஒரு காரணம். 80 பிளஸ் முத்திரை மின்னை வீணாக்காமையைக் குறிப்பதேயன்றிப் பாதுகாப்பின் தரத்தைக் குறிப்பதன்று.

கழற்றி மாட்டத்தக்க கம்பிகளைப் பற்றி அழுத்திக் கூறவேண்டியுள்ளது. வழங்கியின் பக்கத்து முனைகளின் ஒழுங்குக்குப் பொதுவிதி இல்லை. ஒரு நிறுவனத்தின் கம்பி மற்றொன்றன் வழங்கியிற் செருகத் தக்கதாய் இருக்கும். செருகியவுடன் 5 வோல்ற்று வேண்டுமிடத்து 12 வோல்ற்றுச் சென்று வன்றட்டு எரிந்துபோம். பழைய வழங்கியை மாற்றுவோர் பழைய கம்பியையும் உடன் மாற்றுக. 2022 இல் ஆர்ரிஎக்ஸ் 4090 அட்டையின் 16 முனைச் செருகி உருகிய செய்திகள் வந்தன. முழுதுஞ் செருகப்படாமையே பொதுக் காரணம் என என்விடியா அவ்வாண்டு கூறிற்று. பின்னர்ச் செருகியின் அமைப்பும் திருத்தப்பட்டது.

குளிர்விப்பானும் குதையோடு ஒத்தல் வேண்டும். எல்ஜிஏ 1200 இற் 75 மில்லிமீற்றராயிருந்த துளையிடைவெளி எல்ஜிஏ 1700 இல் 78 ஆயிற்று. மூன்று மில்லிமீற்றரால் நல்ல குளிர்விப்பான் பயனிழத்தல் உண்டு. கேசிங்கின் உள்ளளவை அட்டையின் நீளத்தோடும் குளிர்விப்பானின் உயரத்தோடும் ஒப்பிட ஓர் அடிமட்டம் போதும்.

எல்லாம் இணைத்தபின் திரைக்கம்பியைத் தாய்ப்பலகையின் துளையிற் செருகுவோர் உளர். எப் என்னும் எழுத்தீற்று இன்ரெல் செயலியாயின் அதனுள் வரைவியற் பகுதி இன்மையாற் படமே தோன்றாது. உடனே பிழை வெளிப்படும். மேற்கூறிய றைசன் செயலியில் அப்பகுதி சிறிதளவு உண்டு. படம் தோன்றும்; ஆட்டம் நத்தைபோல் ஊரும்; விலையுயர்ந்த அட்டையோ பெட்டகத்துள் வேலையின்றிக் கிடக்கும்.