கடலோர வீடுகளில் படிக்கட்டு மின்தூக்கியைப் பராமரித்தல்

படிக்கட்டு மின்தூக்கி (ஸ்டேர்லிஃப்ட்) என்பது மாடிப்படியின் ஓரமாகப் பொருத்தப்பட்ட தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஏறி இறங்கும் நாற்காலி ஆகும். மூட்டுவலி, பக்கவாதம், முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றால் படியேற முடியாதவர்கள் இதில் அமர்ந்தபடியே மாடிக்குச் சென்று வரலாம். 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்பென் என்பவர் உருவாக்கிய கருவி இதன் முன்னோடிகளுள் ஒன்றாகும்.

வீட்டிலுள்ள மின்தூக்கி ஒரு நாளில் சில நிமிடங்களே ஓடுகிறது. மற்ற நேரமெல்லாம் நின்றுகொண்டிருக்கிறது. ஆகவே ஓடும்போது ஏற்படும் தேய்மானத்தை மட்டுமல்லாமல், நிற்கும்போது அதைச் சூழ்ந்துள்ள காற்று, ஈரம், வெப்பம் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரம் அலையாத்திக் காடுகளை ஒட்டி அமைந்துள்ள கிள்ளை போன்ற ஊர்களில் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அமைப்பு

பெரும்பாலான மின்தூக்கிகளில் தண்டவாளம் அலுமினியத்தால் ஆனது. அது சுவரில் அல்ல, படிகளில் திருகாணிகளால் பொருத்தப்படுகிறது. தண்டவாளத்தின் நீளத்துக்கும் ஒரு பற்சட்டம் உண்டு. நாற்காலியின் அடியிலுள்ள மோட்டார் ஒரு பற்சக்கரத்தைச் சுழற்ற, அது பற்சட்டத்தைப் பற்றி ஏறுகிறது. மோட்டாருக்கு மின்சாரம் தருபவை பொதுவாக 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு. தொடராக இணைக்கப்படுவதால் 24 வோல்ட் கிடைக்கிறது. தண்டவாளத்தின் இரு முனைகளிலும் உள்ள மின்னேற்ற முனைகளில் நாற்காலி வந்து நிற்கும்போது பேட்டரி சார்ஜ் ஆகிறது. பேட்டரியில் ஓடுவதால்தான் மின்தடையின்போதும் சில முறை ஏறி இறங்க முடிகிறது.

உப்பும் துருவும்

கடற்காற்றில் வரும் உப்புத்துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் போன்ற நிலை உருவாகி, உலோகம் விரைவாக அரிக்கப்படும். தண்டவாளத்தைப் படியோடு இணைக்கும் திருகாணிகளே இதற்கு முதலில் இலக்காகின்றன.

வாரம் ஒருமுறை உலர்ந்த மென்துணியாலும், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும் தண்டவாளத்தைத் துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். மாடிப்படியை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள வீடுகளில் இது மிகவும் அவசியம். டைல்ஸ் கறை போக்கும் ஆசிட்டைப் படியில் பயன்படுத்தவே கூடாது. அதன் ஆவிகூட அலுமினியத்தையும் எஃகையும் அரிக்கும்.

தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் போன்றவற்றைத் தண்டவாளத்தில் தடவுவதும் தவறு. எண்ணெயில் மணலும் தூசியும் ஒட்டி, உப்புத்தாள் போல உருளைகளைத் தேய்த்துவிடும். பற்சட்டத்துக்கு மசகு தேவையா, எந்த வகை என்பதைக் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது நாற்காலியையும் தண்டவாளத்தையும் பாலித்தீன் விரிப்பால் மூடி, வேலை முடியும்வரை ஓட்டாமல் இருக்க வேண்டும்.

பேட்டரி

இதில் பயன்படுவது பெரும்பாலும் மூடிய ஈய-அமில பேட்டரி. அது சார்ஜ் இல்லாமல் நீண்ட நாள் கிடந்தால், உள்ளே ஈயத் தகடுகளில் ஈய சல்பேட்டு கெட்டியான படிகமாகப் படியும். பிறகு சார்ஜ் செய்தாலும் பழைய திறன் திரும்பாது. எனவே நாற்காலியைப் படியின் நடுவே நிறுத்திவைக்கக் கூடாது. மின்னேற்ற முனையில் சரியாக நிற்காவிட்டால் பல கருவிகள் 'பீப்' ஒலி எழுப்பும். அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

வெப்பமும் பேட்டரிக்குப் பகை. 25 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது ஈய-அமில பேட்டரிகளுக்கான பொது விதி. படிக்கட்டுச் சன்னலில் திரை போட்டு நேர் வெயிலைத் தடுப்பது எளிய தீர்வு.

வெளியூர் செல்லும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டைப் பூட்டுவது பலரின் வழக்கம். அப்போது சார்ஜரும் நின்றுபோகும். மின்தூக்கிக்குத் தனி இணைப்பு இருந்தால் அதை மட்டும் விட்டுவைக்கலாம். முடியாவிட்டால், முழுதாக சார்ஜ் ஏற்றியபின் கருவியின் தனிச் சுவிட்சை அணைத்துவிட்டுச் செல்ல வேண்டும். பேட்டரி மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையது புதியதன் ஆயுளையும் குறைக்கும். கழற்றியவற்றைக் குப்பையில் போடாமல் விற்பனையாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

மழையும் புயலும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மாவட்டத்தின் பல ஊர்கள் பல நாள் மின்சாரமின்றி இருந்தன. அத்தகைய நேரத்தில் படியேற முடியாத முதியவர் எந்தத் தளத்தில் இருக்கிறார் என்பது பெரிய கேள்வி. ஐப்பசி தொடங்கும் முன்பே பேட்டரியைச் சோதித்துவிட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் முதியவரை மருந்து, குடிநீர், கழிப்பறை வசதி உள்ள தளத்தில் தங்கவைக்க வேண்டும். வெள்ளம் புகும் வீடாயின் அது மாடியாகவே இருப்பது நல்லது. நாற்காலியையும் மேல் முனையில் நிறுத்த வேண்டும். இடி மின்னலின்போது சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, ஓய்ந்ததும் மறவாமல் மாட்ட வேண்டும். மின்னழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கும் பகுதிகளில், அதற்கான பாதுகாப்புக் கருவியைப் பொருத்துவது சார்ஜரைக் காக்கும்.

வாராந்திரச் சோதனை

யாரும் அமராத நிலையில் ரிமோட்டால் நாற்காலியை ஓட்டி, கால்பலகையின் விளிம்பை ஒரு குச்சியால் மெல்லத் தொட வேண்டும். நாற்காலி உடனே நிற்க வேண்டும். இருக்கைப் பட்டையின் கொக்கி, இருக்கையைத் திருப்பும் பூட்டு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். எலி கடித்த வயர், மின்னேற்ற முனையில் எறும்புக் கூடு ஆகியவை உள்ளனவா என்றும் நோக்க வேண்டும். தகட்டில் குறித்துள்ள எடை வரம்பை மீறக் கூடாது. அரிசி மூட்டை ஏற்றவும், பிள்ளைகள் விளையாடவும் இது ஏற்றதல்ல.

குலுங்கி ஓடுதல், புதிய உராய்வு ஒலி, நடுவழியில் நிற்றல், திருகாணி ஆட்டம், தொட்டும் நிற்காத கால்பலகை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பயன்பாட்டை நிறுத்திவிட்டுத் தொழில்நுட்பரை அழைக்க வேண்டும். மோட்டார் மூடியை வீட்டார் திறக்கக் கூடாது. குறை தெரியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சோதனை தேவை. கடலோர வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு சோதனையின் தேதியையும் மாற்றிய பாகத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அடுத்த பழுதின் காரணத்தைக் கண்டறிவது எளிதாகும்.