பசி வயிற்றில் மட்டும்தானா?

முதியோர் இருக்கும் பல இல்லங்களில் இந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள்: "காலையிலிருந்து எனக்கு யாரும் ஒரு வாய் சோறு போடவில்லை." சொல்பவர் மறதி நோயால் தளர்ந்துபோன ஒரு பாட்டி. அரைமணி நேரத்திற்கு முன்புதான் மருமகள் சோறு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, தட்டையும் கழுவி வைத்திருப்பார். அந்த நேரம் பார்த்து உறவினர் ஒருவர் வந்துவிட்டால் போதும், மருமகளின் பெயர் ஊரெல்லாம் கெட்டுவிடும்.

பாட்டி பொய் சொல்கிறாரா? வயதான காலத்தில் உணவின்மேல் பேராசையா? இரண்டும் இல்லை என்று எண்ணுவதற்கு உளவியல் ஆய்வுகளில் நல்ல ஆதாரம் இருக்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் ரோசின், மனிதர் எதை விரும்பி உண்கிறார், எதை அருவருக்கிறார் என்பதைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்தவர். உணவை ஏன் தொடங்குகிறோம், ஏன் நிறுத்துகிறோம் என்ற கேள்வியோடு அவரும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஒரு சோதனை 1998-இல் வெளிவந்தது. மூளைப் பாதிப்பினால், சற்றுமுன் நடந்ததைக்கூட நினைவில் வைக்க முடியாத இருவருக்கு மதிய உணவு கொடுத்தார்கள். உண்டு முடித்ததும் தட்டை அகற்றிவிட்டு, 10 முதல் 30 நிமிடங்கள் கழித்து மறுபடியும் மதிய உணவைக் கொண்டுவந்து வைத்தார்கள். இருவரும் உண்டார்கள்! மூன்றாம் முறை வைத்தபோதும் பெரும்பாலும் கொஞ்சமாவது உண்டார்கள். நினைவு கெடாதவர்களோ இரண்டாவது தட்டையே வேண்டாம் என்றார்கள்.

இதற்கு முன்பே ஒரு சான்று உண்டு. வலிப்பு நோய்க்காக 1953-இல் மூளை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டு, புதிய நினைவுகளைச் சேர்க்கும் திறனை இழந்தவர் ஹென்றி மோலைசன். இரவு உணவை முடித்தவுடனேயே இன்னொரு முழு உணவை முன்னால் வைத்தபோது, அவர் அதையும் வழக்கம்போல் நிதானமாக உண்டார். 1985-இல் வெளியான இந்த ஆய்வில், பசி எவ்வளவு என்று கேட்டால், உண்பதற்கு முன்னும் பின்னும் அவர் சொன்ன அளவில் பெரிய வேறுபாடு இல்லை.

'அவர்கள் நோயாளிகள், நமக்கென்ன?' என்று சிலர் கேட்கலாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் பிரன்ஸ்ட்ராம் குழுவினர் 2012-இல் வெளியிட்ட சோதனையில் பங்கேற்ற 100 பேரும் நினைவுக் குறை இல்லாதவர்களே. சூப் கிண்ணத்தின் அடியில் மறைவாக ஒரு குழாயை இணைத்து, உண்பவருக்குத் தெரியாமலே சூப்பை ஏற்றவும் இறக்கவும் செய்தார்கள். ஆக, 500 மில்லிலிட்டரைக் கண்ணால் கண்டவர் 300 மட்டுமே குடித்திருக்கலாம். குடித்தவுடன் கேட்டபோது, வயிற்றுக்குள் போன அளவே பசியைத் தீர்மானித்தது. இரண்டு மூன்று மணி நேரம் சென்றதும் நிலைமை மாறிவிட்டது. அதிகம் கண்டவர்களுக்கே பசி குறைவாக இருந்தது, அவர்கள் உண்மையில் எவ்வளவு குடித்திருந்தாலும் சரி.

வயிற்றுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. குடலும் சுரப்பிகளும் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் 'இப்போதுதானே சாப்பிட்டேன்' என்ற நினைவும் அச்செய்திகளோடு சேர்ந்து வேலை செய்கிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் சுசான் ஹிக்ஸ், மதியம் உண்டதை நினைத்துப் பார்க்கச் சொன்னாலே மாலையில் பிஸ்கட் உண்பது குறைகிறது என்று 2002-இல் காட்டினார். தொலைக்காட்சி பார்த்தபடி மதிய உணவு உண்ட இளம்பெண்கள் மாலையில் அதிகம் கொறித்தார்கள் என்பது அவரது 2009-ஆம் ஆண்டு ஆய்வு. நம் வீடுகளில் தொடர்நாடக நேரத்தில் காலியாகும் முறுக்கு டப்பாவுக்கு இது ஓரளவு விளக்கம்!

மீண்டும் பாட்டியிடம் வருவோம். "இப்போதுதானே சாப்பிட்டீர்கள்!" என்று அதட்டுவதால் பயனில்லை. அவருக்கு அந்தச் சாப்பாடு நடக்கவே இல்லை. உண்ட தட்டை உடனே கழுவாமல் சற்று நேரம் அவர் கண்முன் வைத்திருக்கலாம். நாளின் உணவைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். கேட்கும்போது ஒரு வாழைப்பழத் துண்டு கொடுத்து, பேச்சை வேறு பக்கம் திருப்பலாம். எடை குறைந்து வந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், ஏனெனில் சில வேளை அவர் உண்மையிலேயே பசியோடும் இருக்கலாம். வந்த உறவினரோ, மருமகளைப் பற்றி ஊரில் பேசுமுன் அடுக்களைப் பக்கம் ஒரு முறை எட்டிப்பார்த்தால் நல்லது.