சேஸ் நம்பரைப் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்!

ஒரகடம் கூட்டுச்சாலையில் பத்து நிமிடம் நின்றால் போதும். புத்தம்புதிய கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீண்ட லாரிகள் போவதைப் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ-நிஸான், ராயல் என்ஃபீல்டு, பாரத்பென்ஸ் என ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமே வண்டி செய்யும் பூமியாகிவிட்டது. ஆனால், நம் வீட்டு வாசலுக்கு வருவது பெரும்பாலும் புது வண்டி அல்ல. இரண்டு, மூன்று கை மாறிய கார், டிராக்டர் அல்லது புல்லட்தான்.

‘பழைய வண்டி வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?’ என்று வாசகர்கள் கேட்கிறார்கள். பெயின்ட், டயரை எல்லாம் பிறகு பார்க்கலாம். தொழிற்சாலையில் இரும்பில் அடித்து அனுப்பிய எண்ணை முதலில் பாருங்கள். திருட்டு வண்டியோ, இரண்டு வண்டியை ஒட்டிச் செய்ததோ உங்கள் கைக்கு வந்துவிட்டால், போலீஸ் வண்டியை எடுத்துப் போகும். அறுவடைக் காசில் கொடுத்த பணம் திரும்பி வராது.

எண் எங்கே இருக்கும்?

இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று சேஸ் நம்பர், மற்றொன்று இன்ஜின் நம்பர். மோட்டார் சைக்கிளில் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் சேஸ் நம்பர் அடித்திருப்பார்கள். கார்களில் பானட்டைத் திறந்தால் தெரியும் உள்சுவரிலோ, முன்சீட்டுக்குக் கீழே தரையிலோ இருக்கும். டிராக்டரில் ரிவெட் அடித்த தகடு ஒன்றும், இன்ஜின் பிளாக்கில் அடித்த எண்ணும் இருக்கும். தகட்டைக் கழற்றி வேறு வண்டியில் மாட்ட முடியும். அதனால் தகட்டை மட்டும் நம்பாமல், இரும்பிலேயே அடித்த எண்ணைத் தேடிப் பிடியுங்கள்.

எப்படிப் படிப்பது?

இப்போதைய கார், பைக்குகளில் சேஸ் நம்பர் மொத்தம் 17 எழுத்து. முதல் மூன்றும் தயாரிப்பாளரைக் குறிக்கும். எம்.ஏ.எல். என்றால் ஹூண்டாய் இந்தியா, எம்.ஏ.3 என்றால் மாருதி, எம்.ஈ.3 என்றால் ராயல் என்ஃபீல்டு. நடுவில் உள்ளவை மாடல், இன்ஜின் வகை போன்றவை. கடைசியில் வருவது வரிசை எண்.

பல நிறுவனங்களில் பத்தாவது எழுத்து ஆண்டைச் சொல்லும். 2001 முதல் 2009 வரை 1 முதல் 9 வரையான எண்கள். 2010-க்கு ஏ, 2012-க்கு சி, 2015-க்கு எஃப், 2018-க்கு ஜே, 2020-க்கு எல் என ஆங்கில எழுத்து வரிசையில் ஏறும். சில நிறுவனங்கள் ஆண்டையும் மாதத்தையும் வேறு இடத்தில் வைக்கின்றன. அதனால், எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த கம்பெனியின் டீலரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

2012 டிசம்பரில் செய்த வண்டி 2013-ல் பதிவாகியிருக்கலாம். அது மோசடி அல்ல. ஆனால், விலை பேசும்போது தயாரிப்பு ஆண்டை வைத்தே பேசுங்கள்.

இன்னொரு அடையாளம்: 17 எழுத்து எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது. 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் விட்டுவிட்டார்கள். இரும்பில் அந்த எழுத்து தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஆர்.சி.யில் மட்டும் இருந்தால், தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். வாங்கும் முன்பே திருத்தச் சொல்லுங்கள். மிகப் பழைய வண்டிகளிலும், பழைய டிராக்டர்களிலும் எண் இதைவிடச் சிறியதாகவே இருக்கும்.

பென்சில் போதும்

எண்ணின் மேல் உள்ள மண், கிரீஸைத் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எண் அப்படியே தாளில் விழும். ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் தடிப்பாக இருந்தாலோ, கிரைண்டர் கீறல், வெல்டிங் தடம் தெரிந்தாலோ விலகிவிடுங்கள். இன்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத வண்டிக்கு விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் பணம் வாங்குவது பெரும்பாடு.

பிறகு எம்-பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஃபைனான்ஸ் கடன் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கடன் முடிந்திருந்தால் படிவம் 35, பெயர் மாற்ற படிவம் 29, 30 ஆகியவை வேண்டும். மாநிலத்துக்குள் வாங்கியவர், 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விற்பவர்களுக்கும் இது முக்கியம். வண்டியைக் கொடுத்துவிட்டாலும், பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும்வரை விபத்துப் பொறுப்பு உங்கள் தலையில்தான்.

மாட்டுக்கொட்டகையில் தாத்தாவின் புல்லட்

1955-ல் சென்னையில் புல்லட் பூட்டத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை வளர்ந்தது. ஒரகடம் ஆலை வந்தது 2013-ல்தான். திருவொற்றியூர் காலத்துப் புல்லட் உங்கள் வீட்டு மூலையில் கிடந்தால், பழைய இரும்புக் கடைக்காரர் சொல்லும் எடை விலைக்குச் சட்டென்று தள்ளிவிடாதீர்கள்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதியலாம் என 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். தினசரி ஓட்டத்துக்கு அல்ல. பழைய வண்டி சேகரிப்பவர்கள் முதலில் கேட்பதும் எண்ணைத்தான்: சேஸ், இன்ஜின் எண்கள் பழைய ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா? ஆகவே துருவை எடுக்கிறேன் என்று எண் இருக்கும் இடத்தில் கிரைண்டர் வைத்துவிடாதீர்கள். கரையான் அரிப்பதற்குள் அந்த ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். வண்டிக்குப் பல் அந்த எண்தான். தாளும் பென்சிலும் சட்டைப் பையில் இருக்கட்டும்.